ஈ படித்துவிட்டதா?

எங்கள் ஆய்வகத்தில் பழ ஈக்களுக்கு உணவு காய்ச்சும் அறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஓசூர்க்காரர். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் கிளறி, கஞ்சிப் பதத்தில் குப்பிகளில் ஊற்றி அடுக்கி வைப்பார். கடந்த ஆண்டு நான் குப்பித் தட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என்னம்மா, ஈ படித்துவிட்டதா?" பதினோரு மாதங்கள் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதினோரு மாதக் கதைதான் இது. பூச்சிகளின் நடத்தையைக் கேமராவும் கணினியும் வைத்து அளக்கப் போகிறவர்களில் யாராவது ஒருவருக்குப் பயன்பட்டால் போதும்.

எனக்கு விருதுநகர்ப் பக்கம். விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு, வட பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தேன். ஈயை வைத்து மூளையைப் படிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஒபைத் சித்திக்கியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் 1970களிலேயே மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், பழ ஈக்கள் மணத்தையும் சுவையையும் எப்படி உணர்கின்றன என்று ஆராய்ந்தவர்கள். பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் உருவானபோது அதை முன்னின்று நடத்தியவரும் சித்திக்கிதான். இந்த ஊருக்கு வந்தபோது அந்த வரலாறு எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

எனக்குக் கொடுத்த வேலை, ஆண் ஈயின் நினைவை அளப்பது. ஆண் பழ ஈ, பெண்ணைக் கண்டால் பின்னாலேயே நடக்கும், முன்காலால் தட்டும், ஒரு பக்கச் சிறகை மட்டும் விரித்து அதிர்த்துப் பாடும். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் இதற்கு இடம் கொடுக்காது. உதைக்கும், விலகி ஓடும். அப்படி ஒரு மணி நேரம் மறுக்கப்பட்ட ஆணை இன்னொரு பெண்ணிடம் விட்டால், பழைய வேகத்தோடு நாடாது. பட்ட பாடம் அதற்கு நினைவிருக்கிறது. சீகலும் ஹாலும் இதை 1979இல் வெளியிட்டார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே குவின், ஹாரிஸ், பென்சர் மூவரும், மின் அதிர்ச்சியோடு சேர்த்துக் காட்டிய மணத்தை ஈக்கள் கற்றுக்கொண்டு ஒதுக்குவதைக் காட்டியிருந்தார்கள். மூளையின் ஒவ்வொரு பாதியிலும் காளான் உடலம் என்ற பகுதியில் ஏறத்தாழ 2000 நரம்பணுக்கள். ஈயின் இந்த நினைவுகளுக்கு அந்தச் சிறு கூட்டம் இன்றியமையாதது. மூன்று மில்லிமீட்டர் கூட இல்லாத ஓர் உயிர், நடந்ததை நினைவில் வைத்து நடப்பதை மாற்றிக்கொள்கிறது என்பதை முதன்முதலில் கண்ணால் பார்த்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சோதனை எளிதாகத்தான் தெரியும். பொரித்த அன்றே ஆண்களைத் தனித்தனிக் குப்பியில் பிரித்து ஐந்து நாள் வளர்க்க வேண்டும். கன்னிப் பெண்களைப் பொரித்த எட்டு மணி நேரத்துக்குள் பிடித்துவிட வேண்டும். வெளிறிய வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் கன்னி. அதற்காக விடியற்காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போன நாள்கள் பல. பயிற்சி பெறும் ஆணை இணைசேர்ந்த பெண்ணோடு ஒரு மணி நேரம் அடைக்கிறோம். ஒப்பீட்டுக்கான ஆண் அதே மாதிரி அறையில் அதே ஒரு மணி நேரம் தனியாக இருக்கும். பிறகு இரண்டையும் புதுப் பெண்ணோடு பத்து நிமிடம் விட்டு, அதில் எத்தனை பங்கு நேரம் நாடியது என்று அளக்கிறோம்.

முதல் இரண்டு மாதம் கையில் நிறுத்துக்கடிகாரம். என்னோடு ஆய்வு மாணவியாக இருந்த சேலத்து அக்கா அதில் விடாப்பிடியாக இருந்தார். "நீ முதலில் நூறு ஈயையாவது கண்ணால் பார். கணினி பொய் சொன்னால் அப்போதுதான் உனக்குத் தெரியும்" என்றார். கழுத்து வலித்தது, கண் எரிந்தது, ஒரு நாளைக்கு ஆறேழு ஈக்கு மேல் ஓடவில்லை. கேமராவுக்கு மாறும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கேமரா வந்தது. கீழே அகச்சிவப்பு எல்.ஈ.டி. பலகை, அதன் மேல் பதினாறு வட்ட அறைகள் கொண்ட அக்ரிலிக் தட்டு, மேலே கேமரா, அதன் கண்ணில் சாதாரண வெளிச்சத்தைத் தடுக்கும் வடிகட்டி. ஈக்கு அகச்சிவப்பு தெரியாது. கேமராவுக்கு அது மட்டுமே தெரியும். நொடிக்கு முப்பது படம் என்றால் பத்து நிமிடத்துக்கு 18,000 படம். ஈ இல்லாத பின்னணியைக் கணித்து, அதை ஒவ்வொரு படத்திலிருந்தும் கழித்தால் ஒவ்வொரு அறையிலும் ஈக்கள் மட்டும் இரண்டு புள்ளிகளாக நிற்கும். 2009இல் வந்த சி-ட்ராக்ஸ் முதல் 2018இல் வந்த டீப்லேப்கட் வரை இதற்கு மென்பொருள்கள் உண்டு. எங்களுடையது பைத்தான் என்ற கணினி மொழியில் நாங்களே எழுதிய சிறிய நிரல்.

முதல் மூன்று வார முடிவைப் பார்த்தபோது மனம் உடைந்தது. பயிற்சி பெற்றதற்கும் பெறாததற்கும் வித்தியாசமே இல்லை. கையால் அளந்தபோது கண்ணுக்குத் தெரிந்த நினைவு, கேமராவில் காணாமல் போயிருந்தது.

அக்கா ஒரு காணொளியைத் திறந்து, ஆணின் மேல் நீலமும் பெண்ணின் மேல் சிவப்பும் வரையச் சொன்னார். நான்காவது அறை. நீலம் சிவப்பைத் துரத்துகிறது, நெருங்குகிறது, இரண்டும் ஒட்டி ஒரே புள்ளியாகின்றன. அரை நொடியில் பிரிகின்றன. இப்போது சிவப்பு நீலத்தைத் துரத்துகிறது. சுற்றிச் சுற்றி, சிறகை விரித்து, சிவப்பு பாடுகிறது.

சுத்தமான ஆள்மாறாட்டம். ஒட்டிப் பிரியும் இடத்தில் நிரல் பெயரை மாற்றி எழுதிவிடுகிறது. அதன் பிறகு ஆண் செய்யும் எதுவும் ஆணின் கணக்கில் ஏறாது. இதில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. எந்த ஆண் அதிகம் நாடுகிறதோ அதுதான் அதிகம் ஒட்டும். எது அதிகம் ஒட்டுகிறதோ அதற்குத்தான் அதிக ஆள்மாறாட்டம். பயிற்சி பெறாத ஆணின் கணக்குத்தான் அதிகம் குறைந்தது. பயிற்சி பெற்று ஒதுங்கி நின்றது தப்பித்தது. பிழை எல்லா அறையிலும் ஒரே அளவாக விழுந்திருந்தால் பரவாயில்லை. நான் தேடிய வித்தியாசத்தைப் பார்த்து அதையே தின்றிருந்தது.

இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரின் குழுவினர் காகிதக் குளவிகளின் உடலில் வண்ணப் புள்ளி வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறிந்து ஆய்வு செய்தவர்கள். பழ ஈயின் முதுகில் சாயம் வைத்து அதன் போக்கைக் கெடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வழி ஈயின் உடலிலேயே இருந்தது. பெண் பெரியது, முட்டை நிறைந்த வயிறு. ஒட்டிப் பிரிந்த பிறகு, அடுத்து ஒட்டும் வரை உள்ள துண்டு முழுவதிலும் ஒவ்வொரு புள்ளியின் பரப்பளவையும் எடுத்து அதன் நடு மதிப்பைக் கணக்கிட்டோம். பெரியது பெண், சிறியது ஆண். ஒரு படத்தை நம்பினால் ஏமாற்றும். சுவரில் ஏறி நிற்கும் பெண் சிறியதாகத் தெரியும். துண்டு முழுவதும் சேர்த்தால் அநேகமாகத் தவறாது. மிகச் சிறிய துண்டுகளை மட்டும் நானே கண்ணால் பார்த்துத் திருத்தினேன்.

பிறகு வந்தது எதிர்ப்பக்கத் தவறு. திருத்திய நிரலில் வித்தியாசம் மலைபோல் வந்தது. பயிற்சி பெற்றவை பாடவே இல்லை என்கிறது கணினி. நான் துள்ளினேன். அக்கா துள்ளவில்லை. "பயிற்சி பெற்றவற்றை எப்போதும் எந்த வரிசையில் வைக்கிறாய்?" என்று கேட்டார். இடது ஓரம். எடுத்து வைக்கும்போது குழப்பம் வரக்கூடாது என்று நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு அது. தட்டை எடுத்துவிட்டு வெறும் பலகையைப் படம் பிடித்துப் பார்த்தோம். இடது ஓரம் மங்கல். ஈயின் உடல் கருமையானது, மங்கலிலும் தெரியும். சிறகு கண்ணாடித் தாள் போன்றது, பின்னணியைக் கழித்த பிறகு எஞ்சுவதே கொஞ்சம். ஓரத்தில் அந்தக் கொஞ்சமும் நிரல் வைத்த வரம்புக்குக் கீழே போய்விட்டது. சிறகு விரித்துப் பாடிய ஈயைக் கணினி சிறகற்றதாகப் பார்த்திருக்கிறது. அன்று விடுதி அறைக்குத் திரும்பியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. யாரோடும் பேசவில்லை.

பலகைக்கு மேல் ஒளியைச் சமமாகப் பரப்பும் தாள் போட்டோம். நான்கு மூலையிலும் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து எழுதிய பிறகே ஒவ்வொரு நாளும் சோதனை தொடங்கும். எந்த ஈ எந்த அறைக்குப் போகும் என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்தோம். குப்பிகளில் அக்கா வெறும் எண் மட்டும் ஒட்டினார்; எது பயிற்சி பெற்றது என்ற பட்டியல் அவர் மேசை இழுப்பறையில், ஒட்டிய உறைக்குள். ஐந்து வாரம் அது என் கண்ணில் படவில்லை. நாள்தோறும் இரண்டு அறைகளை மட்டும் கையால் அளந்து கணினியின் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு மாதம் கழுத்து வலிக்கப் பார்த்த நூறு ஈக்களும் அப்போதுதான் கைகொடுத்தன. எங்கே தட்டுவது முடிந்து துரத்தல் தொடங்குகிறது என்று கண் சொன்னது.

உறையைப் பிரித்த நாள் வெள்ளிக்கிழமை. அக்கா எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார், நான் வரைபடத்தில் ஒவ்வொரு ஈக்கும் உரிய புள்ளியின் வண்ணத்தை மாற்றிக்கொண்டே போனேன். மலைபோன்ற வித்தியாசம் போய்விட்டது. அதில் பாதிதான் இருக்கும். ஆனால் அந்தப் பாதி நின்றது. பட்டியல் முடியும்போது பயிற்சி பெற்றவை கீழேயும் மற்றவை மேலேயும் பிரிந்து கிடந்தன. இடது வரிசை, வலது வரிசை இரண்டிலும் அப்படியே. பயிற்சி பெற்றவை களைத்துத்தான் நாடவில்லையோ என்ற சந்தேகம் எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. நடந்த தூரத்தையும் எடுத்துப் பார்த்தோம். இரண்டு கூட்டமும் ஒரே அளவு நடந்திருந்தன.

அக்கா என் தோளைத் தட்டிவிட்டு, "போய்ச் சாப்பிடு" என்றார்.

திங்கட்கிழமை குப்பித் தட்டை எடுக்கப் போனேன். பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே அண்ணன் கேட்டார்.

"படித்துவிட்டது அண்ணா" என்றேன். "ஒரு மணி நேரப் பாடத்தைப் படித்துவிட்டது. அடுத்தது மறுநாள் வரை நினைவிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வாரம் நாற்பது குப்பி கூடுதலாக வேண்டும்."

"நாற்பது போதுமா?" என்றார்.

அறுபதாக எடுத்துக்கொண்டேன்.