பெடல் இல்லாத ஊரில் ஆர்கன் படித்தேன்

ஈரோட்டில் எங்கள் சபைக்குப் பதினாறு வயதிலிருந்து கீபோர்டு வாசிக்கிறேன். பாமாலைப் பாட்டின் நாலு குரலையும் (மேலிருந்து கீழாக சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்) கையிலேயே அடக்கிவிடுவேன். ஆர்கன் கிரேடு தேர்வுக்கு இறங்கியபோதுதான் பாஸ் குரல் காலுக்கு உரியது, இடது கைக்கு டெனர்தான் என்பது உறைத்தது. சுண்டுவிரலில் ஊறிப்போன பாஸைப் பிடுங்கிக் காலிடம் கொடுக்க எட்டு மாதம் ஆனது.

பழகுவதற்குப் பெடல்போர்டு, அதாவது காலால் மிதித்து வாசிக்கும் கட்டைகளின் வரிசை, வேண்டுமே. தேடிக் கிடைக்காமல், அளவு கொடுத்து ஆசாரியிடம் ஒன்று செய்து வாங்கினேன். 30 கட்டை: நீளமானவை 18, எழும்பி நிற்கும் குட்டைகள் 12. அடியில் ஸ்பிரிங். சத்தம் வராது என்பதால் மிதிக்கிற ஸ்வரத்தை நானே வாய்விட்டுப் பாடுவேன். சென்னிமலையில் குழிக்குள் காலை இறக்கி மிதித்து நெய்யும் குழித்தறியில் நெய்த எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, குனிஞ்சு குனிஞ்சு என்னத்தப் பாக்கறே? ஒரு காலு எங்க இருக்குதுன்னு இன்னொரு காலுக்குத் தெரியோணும். கண்ணுக்கு அங்க என்ன வேலை?"

அன்றைக்கே கட்டைகள் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டுப் பழக ஆரம்பித்தேன். பிறகு வாங்கிய எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

ஏபிஆர்எஸ்எம் என்ற இங்கிலாந்து இசைத் தேர்வு வாரியத்தின் ஆறாம் கிரேடுக்கு முன்னால் ஐந்தாம் கிரேடு தியரி முடிக்க வேண்டும். அது சிரமமில்லாமல் முடிந்தது. வாசிப்புத் தேர்வில்தான் அடி. 150க்கு 100 எடுத்தால் தேர்ச்சி, எனக்கு 94. காரணம் ஷூ. ஆலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வாசித்தவன், வீட்டிலும் வெறுங்காலில் பழகியவன், தேர்வுக்குத் தடித்த அடிப்பாகமுள்ள ஷூ மாட்டிக்கொண்டு போனேன். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே பாதத்துக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமே மெல்லிய தோல் அடியும் கொஞ்சம் குதிகாலும் உள்ள ஷூ ஒன்றை வாங்கி, வீட்டுக்குள் அதோடுதான் பழகினேன்.

மாதம் இரண்டு முறை ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், ஓர் ஆலயத்தில் அனுமதி வாங்கிக் குழாய் ஆர்கனில் உட்கார்ந்தேன். எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கூடாது; விரலை எடுக்கும்வரை ஸ்வரம் தேயாமல் நிற்கும். ஆகவே எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் பாட்டு மூச்சு விடுகிறது. பெடலில் 16 அடி ஸ்டாப்பை (நீளமான குழாய் வரிசையைத் திறக்கும் குமிழை) இழுத்ததும் ஸ்வரம் எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, உட்கார்ந்திருந்த பெஞ்சே அதிர்ந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு. இரண்டாம் முறை 117.

இப்போது பதினோரு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். "மூணு மாசத்துல சினிமாப் பாட்டு வாசிப்பானுங்களா?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. வாசிப்பான், அதையும் மனதாரச் சொல்லிக்கொடுப்பேன். வருமானம் பெரும்பாலும் இந்த வகுப்புகளில்தான். கல்யாண ஆராதனைகள் அதற்கு மேல்.

பெருந்துறையிலிருந்து வரும் ஒன்பது வயதுப் பெண் மட்டும் போர்வையை விலக்கிப் பெடலை மிதித்துப் பார்த்தாள். கால் எட்டவில்லை. ஆசாரியிடம் நாலு அங்குலம் குறைத்து ஒரு பெஞ்சு சொல்லியிருக்கிறேன்.