புதைக்கச் சொன்ன கன்றுக்கு அறிக்கை வாங்கிய கதை

நாய்கள் கடித்துச் செத்த எங்கள் கன்றைப் புதைத்துவிடச் சொன்னதும் அந்தக் கால்நடை அலுவலகம்தான். நட்டஈடு கேட்பதற்கு அறிக்கை வாங்க மறுநாள் நேரில் போனபோது, "உடம்பைப் பார்க்காமல் எப்படி அறிக்கை எழுதுவது?" என்று கேட்டதும் அதே அலுவலகம்தான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மாடு வளர்க்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வயலும் மாடும்தான் பிழைப்பு. செத்தது நாகு, பெண் கன்று. தாய் ஜெர்சிக் கலப்பு. முதல் ஈற்றுகள் எல்லாம் ஆண் கன்றாக, நாம்பனாகவே போனபடியால், சினை ஊசி போட்டுச் சினைப்பட்ட இந்த முறை நாகு விழுந்ததும் வீட்டில் அத்தனை சந்தோசம். பால் குடித்துத் துள்ளித் திரிகிற வயசுதான் அதற்கு.

வீட்டுக்காரர் அன்றிரவு யானைக் காவலுக்கு வயலுக்குப் போயிருந்தார். விடியப் போகிற நேரம் மாடு கத்திய விதமே வேறாக இருந்தது. டோர்ச்சுடன் ஓடினேன். கொட்டிலின் பின்பக்க வேலிக்குக் கீழே மண்ணைத் தோண்டி உள்ளே வந்திருக்கின்றன. கூட்டமாக நாய்கள். மாடு கட்டிய கயிற்றோடு சுற்றிச் சுற்றி முட்டிக்கொண்டிருந்தது, கயிறு எட்டாத மூலையில் கன்று கிடந்தது. நான் கத்தவும் மற்ற நாய்கள் ஓடிவிட்டன. ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. அதன் கழுத்தில் நீலப் பட்டி. யாருடைய நாய் என்று எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும்.

நாய் கடித்த காயத்தை வெளியில் பார்த்து எடைபோட ஏலாது. கன்றின் பின்தொடையிலும் கழுத்திலும் சின்னச் சின்னத் துளைகள்தான் இருந்தன, பெரிதாக இரத்தமும் இல்லை. தப்பிவிடும் என்றுதான் நினைத்தேன். மஞ்சள் வைக்கக் கையை வைத்தபோது தோலுக்குக் கீழே சதை முழுவதும் நசிந்து கொளகொளவென்று இருந்தது. சூரியன் கிளம்ப முன்னமே மூச்சு நின்றுவிட்டது.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. எல்லா அலுவலகமும் பூட்டு. பக்கத்து வளவுப் பெரியப்பா யாரிடமோ கேட்டு, கால்நடை அலுவலகத்தில் வேலை செய்கிற ஒருவருடைய போன் நம்பரை வாங்கித் தந்தார். அவர் முழுதாகக் கேட்கவும் இல்லை. "இண்டைக்கு ஒருத்தரும் வரமாட்டினம், மணக்கப் போகுது, புதைச்சிட்டு நாளைக்கு வந்து சொல்லுங்க" என்றார். அந்த வெயிலில் அது சரியாகத்தான் பட்டது. கிணற்றுக்குத் தூரமாக, நாய் தோண்டாத ஆழத்தில் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம்.

புதைக்க முன்னம் பெரியப்பாவின் பேரன் செய்த ஒரு காரியம்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. "கொஞ்சம் நில்லுங்க மாமி" என்று, போனில் படம் எடுத்தான். கன்றின் காயங்கள் ஒவ்வொன்றும் கிட்டத்தில், வேலிக்குக் கீழே தோண்டிய இடம், ஈர மண்ணில் பதிந்த நாய்க்கால்கள், தாய் மாட்டின் மூஞ்சியில் இருந்த கடி. எடுத்த நாளும் நேரமும் படத்தோடு போனிலேயே பதிந்திருந்தன. உங்களுக்கு இப்படி ஒன்று நடந்தால் அழுகிறதுக்கு முன்னம் படம் எடுங்கள். கன்று முழுதாகத் தெரிகிற மாதிரி ஒன்று, காதும் கழுத்தும் பின்காலும் தனித்தனியாக.

மறுநாள் அலுவலகத்தில் அந்த ஆளைத்தான் முதலில் கண்டேன். தான் போனில் சொன்னது நினைவே இல்லாதவர் போல, "உடம்பு இல்லாமல் டொக்டர் எப்படி எழுதுவா?" என்றார். "நீங்கதானே சேர் புதைக்கச் சொன்னீங்க" என்றேன். "நான் அப்படிச் சொல்லேல்ல" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, டொக்டர் களத்துக்குப் போய்விட்டா, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார். வாவியைக் கடக்கிற மிதவைப் பாதையில் ஏறி அக்கரைக்கு வந்து, பஸ் பிடித்துப் போனவளுக்குக் கிடைத்த பதில் இது.

பிறகுதான் தெரிந்தது, டொக்டருடைய நம்பர் வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. எடுத்தேன். "மாட்டுக்கும் கடி பட்டதா?" என்பதுதான் அவ கேட்ட முதல் கேள்வி. ஓம் என்றதும், "அப்ப நான் இண்டைக்கே வாறன், மாட்டைத் தனியாக் கட்டுங்க, பாலை யாருக்கும் குடுக்காதீங்க" என்றா. பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினா. கால்நடை வைத்தியர்கள் காலையில் பெரும்பாலும் களத்தில்தான் இருப்பார்கள். அலுவலகத்தில் போய் வாசலில் காத்திருப்பதைவிட நேரே போன் எடுப்பது நல்லது.

அவ வந்தபிறகுதான், நான் கன்றையே நினைத்துக்கொண்டிருந்ததில் கவனிக்காமல் விட்ட ஆபத்து விளங்கியது. விசர், அதாவது வெறிநாய்க்கடி நோய். கடித்த நாய்களில் ஒன்றுக்காவது விசர் இருந்தால் தாய் மாட்டுக்கும் வரலாம், அதுவும் உடனே தெரியாது, வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். மூஞ்சியில் பட்ட கடியைச் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, விசர் தடுப்பூசியின் முதல் ஊசியைப் போட்டு, மிச்சத்துக்கு நாள் குறித்துத் தந்தா. மாடு குரல் மாறிக் கத்தினாலோ, வாயில் வாணி ஒழுகினாலோ, விழுங்க முடியாமல் நின்றாலோ, தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கை விடவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னா. அப்படிக் கை விட்டும் ஆட்களுக்கு விசர் தொற்றலாமாம்.

பிறகு என் கையைப் பார்த்தா. களை பிடுங்கின கை, விரலெல்லாம் வெடிப்பும் கீறலும். அந்தக் கையோடுதான் கன்றின் காயத்துக்கு மஞ்சள் வைத்தேன், நாய் எச்சில் படிந்த காயம். "உங்களைக் கடிக்காட்டியும் நீங்க வைத்தியசாலைக்குப் போகத்தான் வேணும்" என்று துண்டு எழுதித் தந்தா. போனேன், துண்டைப் பார்த்ததும் ஒரு மறுப்பும் இல்லாமல் ஊசி போட்டார்கள், காசும் இல்லை. நாயோ, கடிபட்ட மிருகமோ, அதன் எச்சில் உங்கள் புண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால்மணி நேரம் கழுவுங்கள், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். விசர் வந்தபிறகு மருந்தில்லை.

அறிக்கை விசயத்துக்கு வருகிறேன். டொக்டர் நேர்மையான ஆள். பார்க்காத உடம்பைப் பார்த்ததாக எழுத ஏலாது என்றா. ஆனால் படங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தா. தாய் மாட்டின் காதுப்பட்டி இலக்கத்தை, சினை ஊசி போட்ட பதிவோடும் கன்று ஈன்ற நாளோடும் சரிபார்த்தா. கடைசியில், கன்றின் உடலைத் தான் நேரில் பார்க்கவில்லை என்பதையும், படங்களில் உள்ள காயங்களும் தாயின் மூஞ்சியில் தான் சிகிச்சை செய்த கடியும் நாய்க்கடியோடு பொருந்துகின்றன என்பதையும் எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்துத் தந்தா. அலுவலகத்தில் இல்லை என்று சொன்ன தாள் எங்கள் கொட்டில் வாசலிலேயே கைக்கு வந்தது. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கிராம உத்தியோகத்தரின் கடிதம் சிக்கலில்லாமல் கிடைத்தது.

பொலிசில்தான் மறுபடி மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கன்றுக்குட்டி செத்ததற்கு முறைப்பாடா என்ற பார்வை. பிறகு, "குறி என்ன?" என்று கேட்டார்கள். பால்குடிக் கன்றுக்கு யார் குறி சுடுவார்? தாயின் காதுப்பட்டி, சினை ஊசி அட்டை, டொக்டரின் கடிதம் மூன்றையும் மேசையில் வைத்தபிறகுதான் புத்தகத்தைத் திறந்தார்கள். எழுதி முடித்துக் கையெழுத்து வைக்கச் சொன்னால், சிங்களத்தில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன், நாங்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறோம் என்றார்கள். தமிழில் எழுதினால்தான் வைப்பேன் என்று கதிரையை விட்டு எழும்பவில்லை. தமிழ் தெரிந்த ஒரு தம்பி வரும்வரை இருந்தேன். அவர் எழுதியதை வாசித்துக் காட்டினார், நீலப் பட்டி விசயம் விடுபட்டிருந்தது, சேர்க்கச் சொல்லிப் பிறகுதான் கையெழுத்து வைத்தேன். தமிழும் இந்த நாட்டில் அரச கரும மொழி. நீங்கள் சொல்வதை உங்கள் மொழியில் எழுதச் சொல்லிக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

பிரதேச சபைக்கும் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்தவர் எடுத்த எடுப்பிலே, "2006க்குப் பிறகு நாய் கொல்ல ஏலாது" என்றார். நான் கொல்லச் சொல்லிக் கேட்கவே இல்லை. 1901ஆம் ஆண்டிலிருந்து நாய்ப் பதிவுச் சட்டம் ஒன்று இருக்கிறது, வளர்க்கிறவர்கள் நாயைப் பதிய வேண்டும், அதைச் செய்விக்க வேண்டியது உள்ளூராட்சி மன்றங்கள். அதைச் செய்யுங்கள் என்றேன். கட்டாக்காலிகளுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடுங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் மேலே, வாவிக்கரை வளைவில் இரவோடிரவாகக் கொட்டுகிற கோழிக் கழிவை நிற்பாட்டுங்கள் என்றேன். அந்தக் குடலும் தலையும் தின்றுதான் இந்த நாய்கள் கூட்டம் கூடுகின்றன. யானை வீட்டை உடைத்தால் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கவாவது ஒரு வழி இருக்கிறது, நாய்க்கு எந்தக் கந்தோர் என்று கேட்டேன். பதில் இல்லை. கடிதம் கிடைத்ததற்கு ஒரு துண்டு மட்டும் எழுதி வாங்கினேன்.

பொலிஸ் எங்களை, பிணக்குகளைப் பேசித் தீர்த்து வைக்கிற மத்தியஸ்த சபைக்கு அனுப்பியது. நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். அங்கேதான் என்னை மனுசியாக மதித்துக் கேட்டார்கள். பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று பேர் இருந்தார்கள், சட்டத்தரணி தேவையில்லை. நாய்க்காரர் முதலில், "அது நரி அடிச்சதாத்தான் இருக்கும், என்ர நாய் கோழியைக் கூடத் தொடாது" என்றார். நான் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். நரி அடித்தால் வயிற்றைக் கிழித்துத் தின்னும். இந்தக் கன்றில் ஒரு துண்டு இறைச்சி குறையவில்லை. துரத்திக் கடித்துக் குதறிப் போட்டிருக்கிறது, அது நாயின் வேலை. படங்களைக் கொடுத்தேன். மூன்று பேரும் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அவர்களில் வயதான ஐயா ஒருவர் நாய்க்காரரைப் பார்த்து, "தம்பி, ராவைக்கு நாயை அவிழ்த்து விடுறனீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் தலையைக் குனிந்தார்.

கேட்ட தொகை முழுவதும் கிடைக்கவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேல், இரண்டு தவணையாக. நாயை இரவில் கட்டி வைப்பதாகவும், தடுப்பூசி போட்டு அட்டையைக் காட்டுவதாகவும் இணக்கத்தில் எழுதச் சொல்லிக் கேட்டேன், எழுதினார்கள். காசை மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள்.

காசு கன்றின் விலைக்குத்தான். கன்று இல்லாமல் மாடு பால் விட மறுத்ததற்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கன்று படுத்த சாக்கை முகர்ந்து முகர்ந்து நக்கும், மடியைத் தொட்டால் உதைக்கும். பால் கட்டி மடி வீங்கத் தொடங்கிவிட்டது. தவிடும் பிண்ணாக்கும் முன்னால் வைத்து, சுடுதண்ணீர்த் துணியால் மடியை ஒற்றி, ஒவ்வொரு வேளையும் பொறுமையாகக் கறந்து நிலத்தில் ஊற்றினோம். பால் நிலையத்துக்குத் திரும்பக் கொடுக்க டொக்டர் சரி சொன்ன பிறகும் பழைய அளவு வரவில்லை.

கொட்டிலைச் சுற்றி இப்போது கம்பி வலை. நிலத்தோடு நிறுத்தினால் பிரயோசனம் இல்லை, நாய் அடியால் தோண்டும். அடி வலையை ஒரு முழம் வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்து, மேலே கல் அடுக்கியிருக்கிறோம். ஒருமுறை ருசி கண்ட கூட்டம் திரும்பி வரும் என்று பெரியப்பா சொன்னபடியே கொஞ்ச நாளில் வந்தன, விடியப் பார்த்தால் வலை ஓரம் முழுவதும் பிராண்டல். உள்ளே வரமுடியவில்லை. பக்கத்து வளவுகளில் ஆடு வைத்திருப்பவர்களும் இப்போது இதே மாதிரிப் போடுகிறார்கள்.

முதல் தவணை கிடைத்துவிட்டது. மற்றது தராவிட்டால் இணக்கத் தாளோடு அதே சபைக்குத் திரும்பி வரச் சொல்லியிருக்கிறார்கள், பிரதி என்னிடம் இருக்கிறது. நாய்க்காரர் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். கோழிக் கழிவு இன்னும் அதே வளைவில்தான் கொட்டப்படுகிறது. சபை தந்த துண்டோடு அடுத்த கிழமை திரும்பப் போகிறேன், இந்த முறை ஒழுங்கையில் உள்ள மாட்டுக்காரர், ஆட்டுக்காரர் எல்லோருடைய கையெழுத்தும் கடிதத்தில் இருக்கும்.