ஒட்டுப்போட்ட வள்ளம்

மே 11, தேவகோட்டை

தொண்டியிலிருந்து மச்சானின் பிளைவுட் வள்ளம் குட்டியானை வண்டியில் வந்து, போன வாரம் பட்டறையில் இறங்கியது. அடித்தட்டில் இற்றுப்போன பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட மரைன் பிளைவுட்டில் ஒட்டுப் போட்டாயிற்று. பலகைக் கனத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்கு ஆசாரி அண்ணன் சரிவாக இழைத்துச் சேர்த்திருக்கிறார். தடவிப் பார்த்தால் விரலுக்கு ஒட்டுவாய் தட்டுப்படவில்லை.

"மரைன் பிளைதானே மாப்பிள்ளை, இனி மக்காதுல்ல?" என்று மச்சான் போனில் கேட்டார். 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் கிடந்தாலும் விட்டுப்போகாதது அதன் பசை. நடுவில் இருப்பது மரம்தான் மச்சான், மருந்து ஏற்றியிருந்தாலும் ஓயாமல் ஈரம் குடித்தால் மக்கத்தான் செய்யும் என்றேன்.

மே 14

மரத்தின் ஈரம் பார்க்கும் மீட்டர் 14 சதவீதம் காட்டுகிறது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்கவைக்கும் பூஞ்சை வளராது. அக்கினி வெயில் நமக்கு நல்லது செய்கிறது.

பலரும் கடல் தண்ணீரைத்தான் குறை சொல்கிறார்கள். உப்பு பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். கரையேற்றிப் போட்ட வள்ளத்துக்குள் தேங்கும் மழைத்தண்ணீர்தான் கெடுக்கிறது. இந்த வள்ளமும் உள்ளிருந்துதான் இற்றிருந்தது.

மே 17

இன்று விளிம்புகள். பலகையின் முகத்தைவிட வெட்டுவாய் பல மடங்கு தண்ணீர் இழுக்கும். நம் செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண்கள் பெரும்பாலும் நேராகத் தரையில் நிற்பதில்லை, கருங்கல் பீடத்தின் மேல்தான் நிற்கும். அடிவாயில் ஈரம் ஏறக்கூடாது என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் வரை காத்திருந்தேன். வெயில் ஏறும்போது எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் ரெசின்) பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் விடும். மரம் ஆறும்போது பூசினால் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் கோட் வெட்டுவாயில் பளபளவென்று நின்றது, கொஞ்ச நேரத்தில் மங்கிச் சொரசொரப்பாகிவிட்டது. அவ்வளவையும் குடித்துவிட்டது. மேலும் இரண்டு கோட், பளபளப்பு அப்படியே நிற்கும்வரை. இந்தச் சூட்டில் நிறையக் கலந்தால் கிண்ணத்திலேயே இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கணும்.

விலை மலிவு என்று பாலியஸ்டர் ரெசின் பூசச் சொன்னார்கள். மரத்தில் அதன் பிடிமானம் போதாது. நாளாவட்டத்தில் உரிந்து, இடுக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனக்கு அதில் சம்மதமில்லை.

மே 20

இறுகிய எபாக்ஸி மேல் மெழுகு போல ஒரு படலம். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, அப்புறம்தான் உப்புத்தாள். கழுவாமல் பெயின்ட் அடித்தால் பிடிக்காது. திருகாணி ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் அடைத்து, அதன் நடுவில் மறுபடி துளைத்தோம். திருகாணி வழியாக வரும் தண்ணீர் இனி மரத்தைத் தொடாது.

மே 24

பெயின்ட் இரண்டு கோட் முடிந்தது. பெயின்ட் இல்லாவிட்டால் வெயில் எபாக்ஸியைச் சிதைத்துவிடும். உள்பக்கமும் விடவில்லை.

நாளை வள்ளம் தொண்டிக்குப் போகிறது. மச்சானிடம் சொல்லிவிட்டேன்: கரையில் கவிழ்த்துக் கட்டையின் மேல் வையுங்கள், தார்ப்பாயை இறுக்கிச் சுற்றாமல் காற்றுப் போக இடம் விடுங்கள். எங்காவது பெயின்ட் கீறினால் ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த இடத்தைக் காயவைத்துப் பூசிவிடணும்.