செத்ததுன்னு எழுதட்டுமுங்களா?

"செத்ததுன்னு எழுதட்டுமுங்களா, கொன்னதுன்னு எழுதட்டுமுங்களா?"

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு பண்ணையில், கையில் அட்டையும் பேனாவுமாக நின்று அந்த அக்கா என்னைக் கேட்டது இது. நக்கலாகக் கேட்கவில்லை, கட்டத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல்தான் கேட்டார். இத்தனை வருடமாக எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "செத்ததுன்னே போடுங்க்கா" என்றேன். பதினொன்று என்று போட்டார். அவருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

நான் அப்போது ஒரு கறிக்கோழிக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தரும். கொட்டகை, தண்ணீர், கரண்டு, உழைப்பு எல்லாம் பண்ணைக்காரருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. 1990-களிலிருந்து இந்தப் பக்கம் இதுதான் ஏற்பாடு, யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அட்டையில் தேதி, வயது, தின்ற தீவனம், எடை, மார்ட்டாலிட்டி என்று தினமும் எழுத வேண்டும். எங்கள் அட்டையில் மார்ட்டாலிட்டிக்கு ஒரே கட்டம்தான். தானாகச் செத்ததும், தேறாது என்று நாங்கள் கொன்று கழித்ததும் அதற்குள்தான் போகும். அந்தக் கேள்வி வரும்வரை அது எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை.

அன்றைக்குப் பேட்ச்சுக்கு 19-வது நாள். ஐயாயிரம் கோழி. கொட்டகையின் கடைசி மூலையை வலை கட்டித் தடுத்து வைத்திருந்தார். "ஆஸ்பத்திரிங்க" என்று சிரித்தார். உள்ளே பதினொரு கோழி, எல்லாமே கால் போனவை. இரண்டுக்குக் கால் ரெண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. மற்றவை முட்டி போட்டு உட்கார்ந்து, இறக்கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தன. தண்ணீர் டப்பாவுக்கு அடியிலிருந்த செங்கல்லை எடுத்துவிட்டுத் தரையோடு வைத்திருந்தார். தீவனம் ஒரு நெளிந்த அலுமினியத் தட்டில். கீழே பரப்பியிருந்த தேங்காய் நார்த்தூள் அதில் ஒட்டாமல் துடைத்தும் வைத்திருந்தார்.

கால் போவது அவர் தப்பில்லை. 40 கிராமில் வந்து இறங்குகிற குஞ்சு நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டியாக வேண்டும். நெஞ்சுக்கறி ஏறுகிற வேகத்துக்கு எலும்பு ஈடு கொடுக்காது. கிருமியாலும் கால் போகும், அதற்கு மருந்து உண்டு. என்ன மருந்து கலந்தாலும் பேட்ச்சுக்குப் பேட்ச் சிலது உட்கார்ந்துதான் போகும். ஓடியாடுகிற கோழி எங்களுக்கு வேண்டியதும் இல்லை.

கால் போன கோழியைக் கழிப்பது பாவமில்லை, விட்டுவைப்பதுதான் பாவம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தண்ணீருக்கு எட்டாது, மற்றது மிதிக்கும், ரெண்டு மூணு நாள் தாகத்தில் காய்ந்து சாகும். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் தண்ணீர் எட்டியது. மிதிக்கவும் ஆள் இல்லை. இந்த நியாயம் இங்கே நிற்காது என்று வலையைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் வேறொன்றைச் சொன்னேன். "பதினொன்னும் கழிக்கோணுங்க்கா. இதுக தின்கிற தீவனம் உங்க கணக்குலதான் ஏறும். எஃப்.சி.ஆர். கெட்டா உங்களுக்குத்தான் கூலி குறையும்." எஃப்.சி.ஆர். என்பது ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் போனது என்கிற கணக்கு.

"ஏனுங்க தம்பி, தீவனந்தானுங்களா? எங்கூட்டு அரிசி நொய்யிப் போட்டுக்கறேனுங்க. அதுகபாட்டுக்குக் கெடக்கட்டுமே."

வெளித் தீவனம் போடக் கூடாது, கம்பெனி ரூல் என்றேன். ரூல் இருந்தது, பொய் இல்லை.

கணக்கை அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் போட்டுப் பார்த்தேன். ஒரு கோழி மிச்ச நாளுக்கு மூன்று கிலோ தின்னும் என்று வைத்தாலும் பதினொன்றுக்கு 33 கிலோ. அந்தப் பேட்ச்சுக்கு மொத்தத் தீவனம் பதினேழு டன்னுக்கு மேல். எஃப்.சி.ஆரில் மூன்றாவது தசமம் அசைந்திருக்கும், அவ்வளவுதான். அவர் கூலியில் பத்துப் பைசாவுக்குப் பெறாது. இதை அன்றைக்கே மனக்கணக்காகப் போடத் தெரியாதவன் இல்லை நான்.

முக்கால் கிலோக் கோழி. இடது கையில் ரெண்டு காலும், வலது கையில் தலையும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கழுத்தை வாங்கி, கீழே இழுத்தபடி பின்னால் மடக்க வேண்டும். எலும்பு விலகுவது விரலுக்குத் தெரியும், ஈரக் கயிற்றில் முடிச்சு அவிழ்கிற மாதிரி. அப்புறமும் இறக்கை அரை நிமிடம் அடிக்கும். "அது உயிரில்லீங்க, நரம்பு" என்று பண்ணைக்காரர்களுக்குச் சொல்வோம். கழுத்து விலகிய பிறகும் மூளை சில நொடி விழித்திருக்கலாம் என்று பிற்பாடு படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

முடிந்ததும்தான் அட்டையை எடுத்துவந்து அந்தக் கேள்வி.

என் பக்கமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் கறி தின்கிறவன். போன ஞாயிற்றுக்கிழமைகூடப் பள்ளிபாளையம் சிக்கன்தான், தேங்காய்ப் பல்லு தூக்கலாகப் போட்டு. உணவுக்காகக் கொல்வதை 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாக்கவில்லை, தேவையில்லாத வலி கொடுக்கக் கூடாது என்கிறது, அவ்வளவே. ஆனால் அந்தப் பதினொன்றை யாரும் தின்னவில்லை. குழியில் போட்டு, சுண்ணாம்பு தூவி மண்ணைத் தள்ளினோம். அப்படியானால் எதற்காகக் கொன்றேன்? மூன்றாவது தசமத்துக்கா? அடுத்த பண்ணைக்கு நேரமாகிவிட்டது என்றா?

எங்கள் ஊர்க் கருப்பணசாமி கோயிலில் கிடா வெட்டும்போது மாலை போட்டு, தலையில் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். கிடா உடம்பை உதறினால்தான் சாமி உத்தரவு. சின்ன வயதில் அது எனக்குப் பெரிய விஷயம், ஆட்டிடமே கேட்டுக்கொள்கிறார்கள் என்று. வளர்ந்த பிறகுதான் காதில் பச்சைத்தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறும் என்று உறைத்தது. 2003 ஆகஸ்டில், கோயிலில் பலி கூடாது என்கிற 1950-ஆம் வருடச் சட்டத்தை அரசு தூசி தட்டி எடுத்தபோது ஊரே கொதித்தது. அடுத்த வருடமே சட்டத்தை நீக்கிவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு கிடாயைப் பற்றி அவ்வளவு பேச்சு. நூறு கொட்டகையில் நாங்கள் செய்ததைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அக்காவைத் தவிர.

அந்தத் தண்ணீர் தெளிப்பு வெறும் ஏமாற்று என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இருந்தாலும் ஏமாற்றுவதற்காகவாவது அங்கே ஒரு நிமிடம் நிற்கிறார்கள்.

அந்தப் பேட்ச் நல்லபடியாகப் போனது. நல்ல எடை, நல்ல எஃப்.சி.ஆர்., ஊக்கத்தொகையும் வந்தது. செக்கை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்தீங்களாக்கா என்று வாயெடுத்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். அவர் டீ கொடுத்தார். அடுத்த பேட்ச்சிலிருந்து அவருடைய அட்டையில் மார்ட்டாலிட்டிக் கட்டத்துக்குள் ரெண்டு எண் இருக்கும். ஒன்று சும்மா, ஒன்று சின்னதாக வட்டம் போட்டு. ஆபீஸில் ரெண்டையும் கூட்டி ஏற்றிக்கொள்வார்கள். வட்டம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டிருக்கிறேன். நான் வலையை விலக்கி உள்ளே போனதும் அந்தப் பதினொன்றில் ஒன்று மிரண்டு எழுந்து நின்றது. ரெண்டு அடி நடக்கவும் செய்தது, கோணலாகத்தான். பதினொன்று என்று அதற்கு முன்பே வாயால் சொல்லியாகிவிட்டது. அதைக் கடைசியாக எடுத்தேன்.

அக்கா வலைக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். பார்த்தாரா என்று தெரியாது. பதினொன்றையும் சேர்த்துத்தான் கேட்டார் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டேன். செத்தது, கொன்னது. ஒன்றானாலும் பதினொன்றானாலும் நம் பேச்சில் அதே சொல்தானே.