பெட்டி வராத கல்யாணம்

தீவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மணப்பெண் என் கல்லூரித் தோழி. இதைப் படித்தால், "என் கல்யாணத்தை வைத்தா எழுதினாய்?" என்று சண்டைக்கு வருவாள். கடலோர விடுதி, நாற்பது விருந்தினர், மாலை 5 மணிக்குக் கல்யாணம். நான் போய் இறங்கியது முந்தின நாள் இரவு 11 மணிக்கு. முதல் தப்பே அதுதான்.

வழியில் விமானம் மாறுவதற்கு 55 நிமிடம். ஒரே டிக்கெட், விமான நிறுவனமே விற்ற இணைப்பு என்பதால் நம்பிவிட்டேன். நான் மூச்சிரைக்க ஓடிப் பிடித்துவிட்டேன். பெட்டிக்குக் கால் இல்லையே.

பெல்ட்டில் கடைசிவரை சுற்றிக்கொண்டிருந்தது கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டி மட்டும்தான். அப்புறம் பெல்ட்டும் நின்றுவிட்டது. கவுன்ட்டரில் இருந்த பெண் லேமினேட் செய்த ஓர் அட்டையை என் பக்கம் திருப்பினார். வரிசையாகப் பெட்டிப் படங்கள், நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. "இதில் எது சார் உங்களுடையது?" என்றார். நான்கு வருடமாக இழுத்துக்கொண்டு திரியும் பெட்டி, ஆனால் கருநீலமா கறுப்பா என்று சத்தியமாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் பெட்டியை ஒப்படைக்கும் முன் மூடியபடி ஒரு படம், திறந்து ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.

அங்கே கொடுக்கும் புகார்ப் படிவத்துக்கு பி.ஐ.ஆர். என்று பெயர். அதன் எண் கையில் வராமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். பெட்டி தாமதமாக வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். உடைந்து வந்தால் 7 நாட்கள்தான். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் சொல்கிற கெடு இது. அவசரத்துக்கு வாங்கிய பல்துலக்கி முதல் சட்டை வரை எல்லா ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

சாதாரணச் சுற்றுலாவில் ஒரு நாள் வீணானால் ஒரு கோட்டையையோ அருவியையோ பார்க்காமல் வருவோம், அவ்வளவுதான். கல்யாணம் நடப்பது குறித்த ஒரே ஒரு நேரத்தில்தான். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். இன்னொரு விருந்தினர் மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தார். முதல் விமானம் தாமதம். இரண்டாவது நிறுவனம் "நீங்கள் வரவில்லை" என்று கைவிரித்துவிட்டது. புது டிக்கெட் வாங்கி, விருந்து முடியும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார் பாவம்.

கல்யாணத்துக்கு உடுத்தும் துணி, அதற்கான செருப்பு, நகை, மாத்திரை எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சலவைக் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறையோடு மடித்தால் துணி அவ்வளவாகக் கசங்காது. மீறிக் கசங்கினால் குளியலறையில் தொங்கவிட்டு வெந்நீரைத் திறந்துவிடுங்கள், கால் மணி நேரத்தில் ஓரளவு சரியாகிவிடும். கடற்கரைக் கல்யாணம் என்றால் குதிகால் செருப்பு வேண்டவே வேண்டாம். அன்று நான்கு பேர் மணலில் புதைந்து புதைந்து நடந்ததைப் பார்த்தேன். பவர் பேங்கையும் கையில்தான் வைக்க வேண்டும், ஒப்படைக்கும் பெட்டியில் அதை ஏற்க மாட்டார்கள். 100 வாட்-மணி வரை, அதாவது ஏறக்குறைய 27,000 எம்.ஏ.எச். வரை, பொதுவாகத் தனி அனுமதி கேட்பதில்லை.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. நம் ஊர் மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது அங்கே தடையில் இருக்கலாம். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்தை ஜப்பானுக்குக் கொண்டுபோகக் கூடாது. கோடீன் கலந்த இருமல், வலி மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். மருத்துவர் எழுதிய சீட்டோடு, வாங்கிய அட்டையிலேயே எடுத்துப் போங்கள்.

அழைப்பு வந்த அன்றே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பல நாடுகள் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் விதி வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கொடுத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. அந்த விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கல்யாணத்துக்கு நடுவில் ஷெங்கனில் சேராத பக்கத்து நாட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று ஆசை இருந்தால், விசா ஒருமுறை நுழைவதற்கா பலமுறை நுழைவதற்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை விசாவோடு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது.

பரிசா? தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பளபளவென்று சுற்றிய பொட்டலத்தைப் பாதுகாப்புச் சோதனையில் பிரிக்கச் சொல்லலாம். கடைசியில் அதைச் சுமந்து ஊர் திரும்பப்போவதும் அந்தத் தம்பதிதான். பணத்தை அனுப்பிவிடலாம், இல்லை ஊர் திரும்பிய பின் வீட்டில் கொடுக்கலாம். அங்கே கார்டு தேய்க்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்திலா?" என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தில் அவர்கள் வைக்கும் லாபம் நம் தலையில்தான் விழும்.

இன்னொன்று. பஸ் எத்தனை மணிக்கு, வைஃபை கடவுச்சொல் என்ன என்று எதையும் மணப்பெண்ணிடம் கேட்காதீர்கள். அன்று காலை அவளுக்கு இப்படி வந்த செய்திகளில் "பெட்டி வந்ததா?" என்று விடுதியில் விசாரிக்கச் சொன்ன என்னுடையதும் ஒன்று. இன்னும் குத்திக்காட்டுகிறாள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் அண்ணன் ஒரு சட்டை கொடுத்தார். ஆள் என்னைவிட அரை அடி உயரம். கையை இரண்டு மடிப்பு மடித்து, பயணத்தில் போட்டிருந்த ஜீன்ஸோடு, எல்லா குரூப் போட்டோவிலும் கடைசி வரிசையில் நிற்கிறேன். மூன்றாம் நாள் காலை, ஊர் திரும்ப டாக்ஸியில் ஏறிக்கொண்டிருந்தபோது வேன் ஒன்று வந்து நின்றது. பெட்டி. கறுப்பு இல்லை, கருநீலம்தான். பூட்டைக்கூடத் திறக்காமல் அப்படியே டிக்கியில் தூக்கிப் போட்டேன்.