படத்தின் பின்பக்கம்

எங்கள் வீட்டுச் சாமி அறையில் ஒரு தஞ்சாவூர்ப் படம் இருக்கிறது. வெண்ணெய்க் கிருஷ்ணன். ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடத்தில், தாத்தா சமையல் வேலை பார்த்தார். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதன் பிறகு கிடைத்த வழியில் எல்லாரும் கிளம்ப, செட்டியாரும் ஊருக்குப் போனார். தாத்தா இங்கேயே, ரங்கூனிலேயே, இருந்துவிட்டார். படமும்.

"பத்திரமா வச்சிரு, திரும்பி வந்து வாங்கிக்கிறேன்" என்று செட்டியார் ஒப்படைத்ததாக அப்பாயி சொல்வார். சம்பள பாக்கிக்குக் கொடுத்தது என்பார் சித்தப்பா. அடைக்கலப் பொருளா, கூலியா? எனக்கு இது தெரிந்தே ஆகவேண்டும். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற படம்.

போன மாதம் அதை இறக்கி, பழைய புடவையை விரித்துக் கவிழ்த்தேன். எனக்கு நினைவு தெரிந்து அதன் முதுகை யாரும் பார்த்ததில்லை. சட்டம் போட்ட கடையின் சீட்டு, ராமபாணப் பூச்சி தின்றது போக, பாதி ஒட்டியிருந்தது. முகவரி டல்ஹவுசி தெரு. இன்றைக்கு அது மகா பண்டூலா சாலை. விலை 14 ரூபாய். இங்கே ரூபாய் போய்க் கியாட் நாணயம் வந்தது 1952-ல், ஆகவே சட்டம் அதற்கு முந்தியது. ஆனால் சட்டத்தின் வயது படத்தின் வயது ஆகாது. சட்டம் பர்மாத் தேக்கு. உள்ளே இருப்பது பலாப் பலகை. ஒரு மூலையில் தங்க ரேக்கு பெயர்ந்த இடத்தில் சுண்ணப் பூச்சும், அதற்கடியில் ஒட்டிய துணியின் இழையும் தெரிகின்றன. அது தஞ்சாவூர் வேலை. படத்தை அங்கே வரைந்து, இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் பலகையில் மையால் நான்கெழுத்து விலாசம். அதன் கீழே, 'சாமான் நெ. 17'. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்தான் செட்டியார் விலாசம். விவரம் தெரிந்தவர்கள் அதை வைத்தே குடும்பத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் குடும்பத்தாரைக் கேட்காமல் அதை இங்கே எழுதமாட்டேன். நம்பர் போட்ட சாமானைச் சம்பளத்துக்குக் கொடுத்திருந்தால் பேரேட்டில் பற்று எழுதாமல் விட்டிருக்க மாட்டார்கள். பேரேடு கிடைத்தால் போதும் என்று, காரைக்குடியில் தெரிந்தவர் மூலம் விசாரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆச்சி போன் செய்தார். பேரேடுகளை எல்லாம் எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்களாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சரி என்று வைக்கப் போனேன்.

"ஏம்மா, கிருஷ்ணனுக்கு இடது கொலுசுல ஒரு செவப்புக் கல்லு இருக்காதே, பாத்தியா? ஊருக்குக் கொண்டாந்ததும் பதிக்கணும், பதிக்கணும்னு எங்க மாமனார் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக."

போனைக் கையில் பிடித்தபடியே சாமி அறைக்குப் போனேன். இடது கொலுசில், வரிசையாகப் போகும் கற்களுக்கு நடுவே, மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைக் குழி.

"இருக்கு ஆச்சி" என்றேன்.

சித்தப்பாவிடம் இன்று சாயங்காலம் பேச வேண்டும்.