கேஸ் தீரவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் வந்தால் எங்கள் ஏசி பட்டறையில் போன் ஓயாது. பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மோட்டார்ஹோம்களும் கேரவன்களும், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வீட்டு வண்டிகள், என்-3 நெடுஞ்சாலையில் வரிசையாகக் கடலுக்கு இறங்கும். மேட்டு நிலத்தின் காய்ந்த காற்றில் ஒரு தொந்தரவும் தராத ஏசி, இங்கே புழுக்கத்தில் இரண்டு இரவு ஓடினால் போதும், உள்ளே மறைந்திருந்த குறையெல்லாம் வெளியே வந்துவிடும்.

நான் சொல்லப்போகும் வண்டி வெளியூர் வண்டி இல்லை. டர்பனிலேயே சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்து வண்டி. ஓய்வுபெற்ற பெரியவரும் அவர் மனைவியும் வருடம் தவறாமல் தென்கரையில், ஸ்காட்பர்க் பக்கத்து முகாமில் ஒரு மாதம் தங்குவார்கள். இங்கே வழக்கம் அப்படி என்பதால் நானும் தாத்தா, ஆயா என்றுதான் கூப்பிட்டேன். தாத்தா பேசியது ஆங்கிலம். ஆயாவுக்குத் தமிழ் இருந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் இந்தக் கரைக்கு வந்ததற்குப் பின், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் வழிவழியாகக் காத்த தமிழ் அது. பல வீடுகளில் அது கோயில் பாட்டாகவும் உறவுப் பெயர்களாகவும் சுருங்கிவிட்டது. ஆயா மட்டும் என்னைப் பார்த்ததும் ஆசையோடு பேசினார்.

“மூச்சு முட்டுற மாதிரி உறுமுது ராசா. அப்புறம் டக்குனு நின்னுபோவுது. எல்லாரும் சமைக்கிற நேரத்துலதான் இப்படி.”

இதைவிடத் தெளிவாக ஒரு பழுதைச் சொல்ல முடியாது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அதை அன்பான பேச்சாக எடுத்துக்கொண்டேனே தவிர, தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு மெக்கானிக் பார்த்துவிட்டு, “கேஸ் தீர்ந்துவிட்டது, புதுசு மாற்ற வேண்டும்” என்று சொல்லியிருந்தார். திருநெல்வேலியில் ஐடிஐ முடித்த நாளிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேஸ் பெட்ரோல் அல்ல, ஓட ஓடத் தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது, அவ்வளவுதான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது, கசிந்த இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். அதிலும் மோட்டார்ஹோம் கூரை ஏசி தொழிற்சாலையிலேயே அளந்து ஊற்றிப் பற்றவைத்து மூடப்பட்டது. வீட்டு ஸ்ப்ளிட் ஏசி மாதிரி, அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்ட அதில் வாய் இருக்காது. பார்க்காமலேயே குழாயைத் துளைத்து வால்வு மாட்டுபவர், இல்லாத கசிவை அங்கே உண்டாக்கிவிட்டுப் போகிறார். வயதானவர்களிடம் இப்படிப் பேசிப் பணம் பறிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். கூரையில் ஏறி மூடியைக் கழற்றினேன். உப்புக்காற்று பட்டு, வெளிக் காயிலின் அலுமினியத் தகடுகள் கடல் பக்கம் மட்டும் வெளுத்து, விரல் பட்டால் மாவாக உதிர்ந்தன. எண்ணெய்ப் பிசுக்கு எங்கும் இல்லை. மோட்டார் சுழல உதவும் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை முதலில் வடித்துவிட்டு அளந்தேன். (ஊரில் ஃபேனுக்குப் போடும் இதைத்தான் கண்டென்சர் என்போம். ஏசி வேலையில் கண்டென்சர் என்றால் வெளிக் காயில். புதிதாக வரும் நம் பையன்கள் இதில் குழம்பாமல் இருந்ததே இல்லை.) 35 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியது 31 காட்டியது. ஐந்து ஆறு சதவீதம் குறைந்தால் விடலாம், இது அதற்கும் கீழே. மாற்றினேன். ஓடவிட்டேன். உள்ளே போகும் காற்று 29 டிகிரி, வெளியே வரும் காற்று 18. பதினோரு டிகிரி வித்தியாசம் நல்ல கணக்கு. ஒரு மணி நேரம், ஃபேன் முழு வேகத்தில், வண்டிக் கதவு திறந்தபடி. கம்ப்ரசர் ஆறரை ஆம்பியர் எடுத்து அமைதியாக ஓடியது. கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஆயா போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. “மறுபடியும் அப்படியே செய்யுது ராசா. தாத்தாவுக்குத் தூக்கமே இல்லை.” அந்தக் கோபமில்லாத குரல்தான் என்னை அதிகம் வருத்தியது.

எங்கள் பட்டறையில் ஓர் அண்ணன் இருக்கிறார். இங்கேயே பிறந்தவர், முப்பது வருடமாகக் குளிர்சாதன வேலை. தமிழில் அவருக்கு வருவது சில வாக்கியங்கள்தான். நான் கம்ப்ரசரையே சந்தேகித்துப் பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கே கேட்டார்: “தம்பி, வண்டி நிக்கிற எடம் பாத்தியா?”

பார்க்கவில்லை. பக்கியை (சிறிய பிக்-அப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) எடுத்துக்கொண்டு தெற்கே அறுபது கிலோமீட்டர் போனேன். வேண்டுமென்றே சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முகாம் நிரம்பியிருந்தது. மின்கம்பத்திலிருந்து தாத்தாவின் வண்டி தூரம். நடுவே ஓர் எக்ஸ்டென்ஷன் உருளை, நாற்பது மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். பாதியை இழுத்துவிட்டு மீதியைச் சுற்றியபடியே வைத்திருந்தார்கள். கையை வைத்தேன், இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது. பிளக்கைக் கழற்றினால் ஒரு பின்னைச் சுற்றியிருந்த நீலப் பிளாஸ்டிக் அப்பளம் கருகியதுபோல் பழுப்பாகி, லேசாகக் குமிழ்விட்டிருந்தது.

மீட்டரை ஏசியின் முனைகளில் மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். ஃபேன் மட்டும் ஓடும்போது 212 வோல்ட். எதிர் வரிசையில் கெட்டில்களும் மின் அடுப்புகளும் எரிந்துகொண்டிருந்தன. கம்ப்ரசர் கிளம்ப முயன்றது. எண் சடாரென்று 172க்கு இறங்கியது. உறுமல், ஐந்து நொடி. ‘டக்’. கம்ப்ரசர் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோட் விழுந்துவிட்டது. ஆயா வாசல்படியில் நின்று, “இதேதான்” என்றார்.

கணக்கு எளிது. அந்த ஒயரில் போக வர எண்பது மீட்டர் செம்பு, ஏறத்தாழ ஓர் ஓம் மின்தடை. ஓடும்போது ஆறரை ஆம்பியர் என்பதால் ஆறேழு வோல்ட்தான் விழும், யாருக்கும் தெரியாது. கிளம்பும் அந்தக் கணத்தில் கம்ப்ரசர் முப்பது ஆம்பியர் கேட்கும், அப்போது ஒயரிலேயே முப்பது வோல்ட் போய்விடும். மீதியைக் கம்பம் விழுங்கியது. மோட்டாரின் சுழற்றும் பலம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 கேட்கும் மோட்டாருக்கு 172 கொடுத்தால் கிடைப்பது பாதிக்குச் சற்று மேலான பலம். மூச்சு முட்டுகிறது என்று ஆயா சொன்னாரே, அது இதுதான்.

தாத்தா இன்னொன்றும் செய்துகொண்டிருந்தார். நின்றதும் உடனே அணைத்துத் திரும்பப் போடுவார். நின்ற கம்ப்ரசரில் இருபக்க அழுத்தமும் சமமாக மூன்று நிமிடமாவது வேண்டும். அதற்குள் தட்டினால், அழுத்தத்துக்கு எதிராகக் கிளம்ப முடியாமல் இன்னும் சூடாகும். லோட் ஷெடிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, உச்சத்தில் இருந்த 2023இல் கரண்ட் வந்து வந்து போனதில் இப்படியே கருகிய கம்ப்ரசர்களை நான் நிறைய இறக்கியிருக்கிறேன். தாத்தாவுக்கு விளக்கியபோது கவனமாகக் கேட்டு, சமையல் மேடையில் இருந்த முட்டை வேகவைக்கும் மூன்று நிமிட மணற்கடிகாரத்தை எடுத்து ஏசி சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பக்கியில் இருந்த பதினைந்து மீட்டர், 2.5 ஒயரை முழுவதும் விரித்துப் போட்டு, முகாம்காரரிடம் பேசிப் பக்கத்துக் கம்பத்துக்கு மாற்றினேன். புதுப் பிளக். போட்டதும் கம்ப்ரசர் ஒரே மூச்சில் கிளம்பியது.

அத்துடன் புறப்பட்டிருந்தால் மறுபடியும் போன் வந்திருக்கும். இரவு அவர்கள் எப்படித் தூங்குவார்களோ அப்படியே வைக்கச் சொன்னேன். கதவு சாத்தி, ஃபேன் மெதுவில். ஆயா டீ போட்டுக் கொடுத்தார். நாற்பது நிமிடத்தில் காற்றின் வேகம் குறைந்தது. உள்மூடியை இறக்கினால் கூலிங் காயிலில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. இதைத்தான் பலர் பார்த்த மாத்திரத்தில் கேஸ் குறைவு என்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரைக்கும் உள்மூடிக்கும் இடையே, குளிர்காற்று வெளியேறும் பக்கத்தையும் அறைக்காற்று திரும்பும் பக்கத்தையும் பிரிக்கும் நுரைத்தட்டி ஒன்று உண்டு. ரோட்டு அதிர்வில் அது ஒருபுறம் கழன்று, இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தது. குளிர்ந்த காற்று அறைக்கு வராமல் அந்த வழியே திரும்பக் காயிலுக்கே போய், மேலும் மேலும் குளிர்ந்திருக்கிறது. பட்டறையில் முழு வேகக் காற்றும் திறந்த கதவும் இதை என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டன. நான் தெர்மாமீட்டரைக் காற்று வரும் வாயில் வைத்தேனே தவிர, அவர்கள் படுக்கும் கட்டிலில் வைக்கவில்லை.

பனி உருகக் காத்திருந்து, தட்டியை நேராக நிறுத்தி, விளிம்பெல்லாம் அலுமினியம் டேப் ஒட்டினேன். டேப்பைச் சும்மா வைத்தால் ஈரத்தில் உரிந்துவிடும். துடைத்துக் காயவைத்து, நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் பிடித்தது. தாத்தா அவ்வளவு நேரமும் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்தத் தடவை தெர்மாமீட்டரைத் தலையணை மேல் வைத்தேன். பத்தரை மணிக்கு 23 டிகிரி காட்டியது. தாத்தா பேசிக்கொண்டே இருந்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

வெளியே வந்தபோது கூரை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறையின் ஈரத்தைக் காயில் ஒழுங்காகப் பிழிகிறது என்பதற்கு அடையாளம் அது. சாட்ஸ்வொர்த் வீட்டிலிருந்து தொட்டியோடு கொண்டுவந்திருந்த கறிவேப்பிலைச் செடி படிக்கட்டின் பக்கத்தில் இருந்தது. ஆயா அதை இரண்டு கையாலும் நகர்த்தி, அந்தச் சொட்டுக்கு நேர் கீழே வைத்தார்.